ஓட்டையில்லாத சப்பாத்து

அப்பா,

போன கிழமை அம்மா உங்கள் வேலைச் சப்பாத்தைக் கழுவிப் பின்வளவில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்திருந்தார். சாம்பியாவில் நீங்கள் போட்டுத் திரிந்த அதே சோடி. விரல்பக்கம் இரும்பு, அடியில் ஆணி ஏறாத தகடு. உங்கள் பயணப் பெட்டியோடு நிறுவனம் அனுப்பிவைத்த நாளிலிருந்து மெல்பேர்ணில் எங்கள் டார்னெய்ட் வீட்டுக் கராஜில் கிடந்தது. விமான நிலையத்தில் மண்ணைத் தேய்த்துக் கழுவித்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். அந்த ஊர்ச் செம்மண் ஒரு துகள்கூட அதில் இல்லை. ஆனால் நனைந்த தோல் வெயிலில் காயும்போது உங்கள் மணம் வந்தது. வேலை முடிந்து வந்து வாசலில் நீங்கள் சப்பாத்துக் கழற்றும்போது வருகிற மணம். உடுப்புக் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

முன்வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறவர், அவருக்கு அளவாயிருக்கும், கொடுப்போம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றைக் கையில் எடுத்து, அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"பிள்ளை, இதில ஒரு ஓட்டையும் இல்லையே. பிறகு எப்பிடி அவற்ற காலில கம்பி ஏறினது?"

எனக்கு விடை தெரியும். சில நாட்களுக்கு முன்னர்தான் தெரிய வந்தது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். குசினியில் வெறும் அடுப்புக்கு முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மாவின் மேல் இல்லை, உங்கள் மேல். ஒன்றரை வருடமாக இருக்கிற கோபம். செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்று சின்னம்மா சொல்லுவார். வேறு யாரோடு கோபிப்பது?

நீங்கள் போயிருக்கவே கூடாது. முதலில் அதைச் சொல்கிறேன். ஊரில் மின்சாரப் பொறியியலாளராக இருந்தவர், மெல்பேர்ணுக்கு வந்து பண்டகசாலையில் பெட்டி அடுக்கினீர்கள். நான் பல்கலைக்கழகம் முடித்த பிறகுதான், மின்கோபுரங்களைப் பரிசோதிக்கிற ஒரு நிறுவனத்தில் உங்கள் படிப்புக்கேற்ற வேலை உங்களுக்குக் கிடைத்தது. அது கிடைத்த நன்றியில் அவர்கள் என்ன கேட்டாலும் தலையாட்டினீர்கள். சாம்பியாவின் வடமேற்கில், ஒரு சுரங்கத்துக்குப் புதிதாக இழுக்கிற கம்பிப் பாதையை யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்றபோது, அந்த அலுவலகத்தில் இருந்த இளைஞர்கள் ஒருவரும் கை தூக்கவில்லை. உங்கள் மனேஜர் உங்களைப் பார்த்து, நீ சூடான நாட்டுக்காரன், உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே என்றிருக்கிறார். அதை நீங்கள் வீட்டில் வந்து பகிடியாகச் சொல்லிச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வயிற்றில் எட்டு மாதம். உங்களுக்கு அறுபது நெருங்குகிறது, காலையும் மாலையும் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறீர்கள். சுடுதண்ணீர்ப் போத்தல் உங்கள் குதிக்காலைச் சுட்டதே தெரியாமல் ஒருமுறை இருந்திருக்கிறீர்கள். அவ்வளவுக்குப் பாதம் மரத்துப் போயிருந்தது.

"பிள்ளை பிறக்கிறதுக்குள்ள வந்திடுவன். டவரைப் பாத்துக் கையெழுத்துப் போடுறதுதானே" என்றீர்கள்.

அங்கே போனதும் முதல் பிரச்சினை தொலைபேசி. தலைநகரிலிருந்து ஜீப்பில் ஒரு பகல் முழுக்க ஓடி, பிறகு காட்டுப் பாதையில் இறங்கி, கம்பி இழுக்கிறவர்களின் முகாமுக்குப் போயிருந்தீர்கள். அங்கே சிக்னல் கிடையாது. முகாமுக்குப் பக்கத்தில் ஒரு கறையான் புற்று. புற்று என்றால் நாங்கள் கண்ட முழங்கால் உயரப் புற்று இல்லை. வீட்டுக் கூரையளவு உயரம், உச்சியில் மரமே முளைத்திருக்கும். அதில் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். வேலையாட்கள் எல்லாரும் பின்னேரங்களில் அதில் ஏறித்தான் வீட்டுக்குக் கதைப்பார்களாம். அந்த நேரம் இங்கே எங்களுக்கு நடுச்சாமம் தாண்டியிருக்கும்.

நீங்கள் அதிலிருந்து எடுத்த முதல் வீடியோ அழைப்பு எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. உங்கள் முகத்துக்குப் பின்னால் மரங்களின் தலைகள் தெரிந்தன. அம்மா பயந்துபோய் எங்கே ஏறி நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

"புத்தில."

"என்ன? சப்பாத்தோடயோ? முதல் கழட்டுங்கோ அதை."

"இது கறையான் புத்தப்பா. நாகதம்பிரான் இஞ்ச வரேல்லை. அவருக்கு விசா கிடைக்கேல்லையாம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவின் முகம் மாறவில்லை. "பகிடி விடாதேங்கோ. வயித்துப் பிள்ளைக்காரி ஒருத்தி இஞ்ச இருக்கிறாள். கழட்டிப்போட்டுக் கதையுங்கோ, இல்லையெண்டால் நான் போனை வைக்கிறன்" என்றார்.

கொஞ்ச நேரம் திரையில் வானம் மட்டும் தெரிந்தது. பிறகு உங்கள் முகம் வந்தது. "கழட்டியாச்சு" என்று சொல்லி, அம்மாவுக்குத் தெரியாமல் எனக்குக் கண்ணடித்தீர்கள். ஓ, கழற்றவில்லை, அம்மாவைப் பேய்க்காட்டுகிறார் என்று நான் நினைத்தேன். கோயிலுக்குப் போனால் வெளியே காரில் இருந்து பேப்பர் வாசிக்கிற மனிதர் நீங்கள். அம்மாவின் விரதம், அம்மாவின் நாள் பார்ப்பது எல்லாவற்றையும் முப்பது வருடமாகக் கேலி பண்ணினவர். நான் வேறு எதை நினைப்பது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்பும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. கழட்டிட்டியளோ? ஓம், கழட்டிட்டன். எனக்கு அது உங்கள் இருவரின் விளையாட்டாகவே இருந்தது.

ஒருநாள் கமராவைத் திருப்பிக் கோபுரங்களைக் காட்டினீர்கள். செம்மண் வெட்டையில் வரிசையாக, கை விரித்த மாதிரி. அவற்றுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு குடிசைகள், இருட்டிக்கொண்டு வந்தது, ஒன்றிலும் வெளிச்சமில்லை. தலைக்கு மேலால் ஒரு சுரங்கத்துக்கே போதுமான மின்சாரம் போகப் போகிறது, கீழே இருக்கிறவனுக்கு ஒரு பல்புக்கும் இல்லை என்று உங்களுக்குக் கோபம். அறிக்கையில் எழுதப் போகிறேன் என்றீர்கள். அப்போது உங்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

வேலை நீண்டது. பிள்ளை நாளுக்கு முன்னமே பிறந்தாள். நீங்கள் புற்றில் நின்று அவளைப் பார்த்தீர்கள். போர்வையை விலக்கிக் காலைக் காட்டச் சொன்னீர்கள். விரல்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். அப்போது உங்கள் காலில் ஏற்கெனவே புண் இருந்தது. அவளுடைய காலைக் காட்டச் சொன்ன நீங்கள் உங்கள் காலை ஒருமுறைகூட எனக்குக் காட்டவில்லை.

வெட்டி எறிந்த கம்பித் துண்டு ஒன்று உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. உங்களுக்கு நோகவில்லை. சீனி வருத்தக்காரனின் கால். சப்பாத்துக்குள் போடுகிற மேசோட்டில் இரத்தத்தைக் கண்டுதான் தெரிந்திருக்கிறது. நீங்களே மருந்து போட்டு, துணி சுற்றி, வேலைக்குப் போயிருக்கிறீர்கள். காய்ச்சல் வந்து, கால் வீங்கி, சுரங்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்து அம்மாவுக்கு எடுத்துச் சொன்ன முதல் வசனம், "பிள்ளைப்பெத்தவளுக்குச் சொல்லாதேங்கோ" என்பது.

அம்மா சொல்லவில்லை. என் கணவர் சுதன் சொல்லவில்லை. சிட்னியிலிருந்து, குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து, சின்னம்மா திடீரென்று வந்து இறங்கினார்; பிள்ளையைப் பார்க்க ஆசையாயிருந்தது என்றார். பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக் கறியை எனக்குக் காய்ச்சித் தந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, என் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குள் திரிந்தார். அப்பா ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், சைட்டை மாற்றிவிட்டார்களாம், சிக்னல் இல்லையாம்.

நீங்கள் செய்த மற்ற வேலையைத்தான் என்னால் இன்னமும் சீரணிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு எனக்கென்று நாலைந்து குரல்செய்திகளை ஒரே மூச்சில் பதிவுசெய்து அம்மாவுக்கு அனுப்பி, நாளுக்கு ஒன்றாக எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். "பிள்ளை, நான் நல்ல சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு." "பிள்ளை, இண்டைக்கு இஞ்ச நல்ல மழை." மின்சாரத்தை நிறுத்த வேண்டி வந்தால் ஊர் இருளாமல் முதலே மாற்றுவழி போட்டு வைக்கிற பொறியியலாளர் அல்லவா. கடைசிச் செய்தியை அம்மா ஒரு காலையில் அனுப்பினார். நான் அதைப் பிள்ளையின் காதில் வைத்துப் போட்டுக் காட்டினேன். நல்ல சுகம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அப்போது நீங்கள் உயிரோடு இல்லை. அம்மாவுக்கும் அது தெரியாது, செய்தி வரப் பின்னேரமானது.

எனக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. பால் கொடுத்துக் கண்ணயர்ந்தவள் எழும்பி வந்தபோது வாசல் நிறையச் செருப்பும் சப்பாத்தும். ஆண்களின் சப்பாத்து. பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியாத துடக்கு வீட்டுக்கு இத்தனை பேர் வரமாட்டார்கள். ஒரு சாவைத் தவிர வேறெதற்கும் வரமாட்டார்கள். அந்தச் சப்பாத்துகளைப் பார்த்து நானாகக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன், அப்பா இல்லை என்று.

கம்பியில் வேலை நடக்கிறதென்றால் அதில் நிற்கிற கடைசி ஆளுக்கும் சொல்லாமல் யாரும் சுவிச்சில் கை வைக்கக் கூடாது, வைத்தால் அது கொலை என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? எல்லாருக்கும் சொல்லிவிட்டு எனக்கு மட்டும் சொல்லவில்லை. எல்லாம் என் தலைக்கு மேலால் போனது. நான் கீழே இருட்டில் இருந்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். அன்றைக்கே உங்களை விமானத்தில் ஏற்று என்று உங்கள் அலுவலகத்தின் கதவை உடைத்திருப்பேன். வேறு ஒன்றுமில்லாவிட்டாலும், உங்களோடு ஒருமுறை உண்மையாகக் கதைத்திருப்பேன்.

செத்தவீடு முடிந்த பிறகு உங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் மிக மரியாதையாகத் தொலைபேசியில் பேசினார். விபத்து நேரம் நீங்கள் பாதுகாப்புச் சப்பாத்து அணிந்திருக்கவில்லை என்று தங்களுக்குத் தெரிய வந்திருக்கிறதாம். அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. "வாசலுக்குப் பேப்பர் எடுக்கப் போறதெண்டாலும் சப்பாத்துப் போடுற மனிசன். செத்தவர் வந்து கதைக்க மாட்டார் எண்டு பொய் சொல்லுகினம்" என்றார். நானும் நம்பினேன். ஒன்றன்பின் ஒன்றாக அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர்கள் பொய்யர்கள் என்றே எழுதினேன். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழும்பி நடந்தார் என்று நினைக்கிறேன். விளக்கேற்றும்போதும் அதைத்தான் முணுமுணுப்பார்.

பிறகுதான் முலெங்கா வந்தார். முகாமில் உங்களோடு இருந்த பாதுகாப்பு அலுவலர். ஏதோ பயிற்சிக்கு மெல்பேர்ணுக்கு வந்தவர், உங்கள் வீட்டைத் தேடி வந்தார். பிள்ளைக்கு ஒரு பூப்போட்ட துணி கொண்டுவந்தார், அங்கே தாய்மார் பிள்ளையை முதுகில் கட்டுகிற துணி. அம்மா "ஈட், ஈட்" என்று தட்டில் வடையை வைத்துக்கொண்டே இருந்தார். அவரும் மறுக்காமல் தின்றுகொண்டே இருந்தார். நல்ல மனிதர். அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடும்போது, காருக்குள், உங்களை நினைத்துச் சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னார். கறையானுக்காகச் சப்பாத்துக் கழற்றுகிற ஒரு மனிதரை நான் முதல்முறை கண்டது உன் அப்பாவைத்தான் என்று.

நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.

ஒவ்வொரு பின்னேரமும் புற்றின் அடியில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் மேசோட்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் ஏறுவீர்களாம். அவர் ஏசியிருக்கிறார். என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று சொன்னீர்களாம். பெரியவர், வீட்டாரோடு கதைக்கிறார் என்று விட்டுவிட்டாராம். கம்பி இழுத்தவர்கள் வெட்டிய துண்டுகளை அந்தப் பக்கம் எறிந்திருந்தார்கள், கூட்டி அள்ளியிருக்க வேண்டும், நான் கவனித்திருக்க வேண்டும் என்று சொன்னபோது அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசிப் பின்னேரம் நீங்கள் இறங்கி வந்து சப்பாத்தைப் போடப் பார்த்தீர்களாம். கால் உள்ளே போகவில்லையாம்.

அதை எனக்குள் வைத்துக்கொண்டு அம்மாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டேன். கழட்டுங்கோ என்று சொன்னது அம்மா. அதை எப்படி அம்மாவிடம் கொண்டுபோவது? அம்மாவின் பிரஷர் எகிறும், சாப்பிட மாட்டார், பிறகு சொல்லலாம், அடுத்த திவசம் கழியட்டும். இப்படியெல்லாம் எனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் உங்கள் நியாயம், அப்பா. உங்கள் குரலிலேயே எனக்குள் கேட்டது. அடுப்புக்கு முன்னால் நின்று எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். நீங்கள் எனக்குச் செய்ததை நான் அம்மாவுக்குச் செய்துகொண்டிருந்தேன்.

பின்வளவுக்குத் திரும்பிப் போனேன். அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு, முலெங்கா சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் முதலில் வந்தது வேறு ஏதோ. கலியாணப் படத்தில்கூட நான் காணாத முகம்.

"அப்ப, உண்மையாக் கழட்டினவரோ?"

"ஓம்."

"ஒவ்வொரு முறையுமோ?"

"ஓம் அம்மா."

"முப்பது வருசத்தில என்ர ஒரு சொல்லுக் கேட்டதில்லை அந்த மனிசன்" என்றார். பிறகுதான் அது அவருக்குள் இறங்கியது. "அப்ப நான்தானோ?"

அம்மா, கம்பித் துண்டை அங்கே எறிந்தது நீங்களில்லை, நூறு மைலுக்கு டொக்டர் இல்லாத இடத்துக்கு ஒரு சீனி வருத்தக்காரனை அனுப்பியது நீங்களில்லை, காலை மூடிக் கட்டி வைத்திருந்தது நீங்களில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஆனா எனக்குச் சொல்லாமல் விட்டது நீங்களும்தான்" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "உனக்கு எப்ப தெரியும்?" என்றார்.

"முலெங்கா வந்த அண்டைக்கு."

"அண்டைக்கோ? இவ்வளவு நாளும் என்னோட இருந்து சோறு தின்னுகொண்டோ ஒளிச்சனி?" என்று எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா? சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் அழுததும் கேட்டது, உங்களை ஏசினதும் கேட்டது. முதல்முறையாக எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் வெளியே வந்து, கம்பனிக்கு எழுது, சப்பாத்து விஷயத்தில் நாங்கள் சொன்னது பிழை என்று எழுது என்றார். எழுதினேன். ஒரு வரியில் எங்கள் பிழையை ஒப்புக்கொண்டேன். அதற்குக் கீழே, கூட்டி அள்ளாத கம்பித் துண்டுகளைப் பற்றியும், உங்கள் வயதும் வருத்தமும் தெரிந்தே அனுப்பியதைப் பற்றியும், சூடான நாட்டுக்காரனுக்கு எல்லாம் பழக்கம் என்று சொன்ன வாயைப் பற்றியும் எழுதினேன். அவற்றில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்க மாட்டேன். அனுப்ப முதல் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "காணாது, இன்னும் எழுது" என்றார்.

உங்களுக்கும் இன்னும் எழுதலாம். நேரமாகிவிட்டது. பிள்ளை நித்திரையில் மூச்சு விடுகிறாளா என்று நான் ஏற்கெனவே இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன்; அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் மேல் இருக்கிற கோபமும் போகவில்லை. நீங்கள் எங்களுக்காகத்தான் ஏறினீர்கள், எங்களுக்காகத்தான் மறைத்தீர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். அதனால் கோபம் குறைகிறதா என்றால், இல்லை.

இன்றைக்குக் காலையில் அவளுக்கு ஒன்றரை வயது ஊசி. நேர்ஸ் நல்ல பெண், பொம்மையை ஆட்டி ஆட்டி, நோகவே நோகாது, கண்ணை மூடித் திறக்க முடிந்துவிடும் என்று அவளுக்குச் சொன்னார். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் ஓம் என்று சொல்ல வாய் வந்தது.

"நோகும், குஞ்சு" என்றேன். "கொஞ்ச நேரம் நல்லா நோகும். அம்மா பிடிச்சிருக்கிறன்."

ஊசி ஏறியபோது அவள் கட்டடமே அதிரக் கத்தினாள். கத்திக்கொண்டே என் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள்.